கைதட்டிக்கொண்டே இருந்த பெண்

இரண்டாயிரமாவது ஆண்டில் ஸ்லைடு போடும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு ஒன்று வந்தது. அதுவரை ஸ்லைடில் ஒட்டிய படம் ஒட்டிய இடத்தில் கிடக்கும். புதியதில் அது அசைந்தது. எஸ்பியர் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இரண்டு மேசை போட்டு உட்கார்ந்திருந்த எனக்கும் ஓவெக்கும் அந்த ஒரு மாற்றமே போதும் என்று இருந்தது. அதை நம்பி ஆறு வருடம் ஓட்டினோம்.

நாங்கள் செய்து விற்றது டெம்ப்ளேட். கூட்டத்தில் பேசப்போகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்துகொண்டிருக்க வேண்டாம். நிறம், எழுத்து, பெட்டிகள், மூலையில் அசையும் ஒரு படம், எல்லாம் தயாராக இருக்கும். 'இங்கே தலைப்பை எழுதவும்' என்று இருக்கிற இடத்தில் அவர் தன் தலைப்பை எழுதிக்கொள்வார். ஒரே டெம்ப்ளேட்டை இன்று விற்பனைக் கூட்டத்துக்குப் போடலாம், அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கும் போடலாம். நூறு டெம்ப்ளேட்டை ஒரு சிடியில் அடைத்துப் புத்தகக் கடைகளுக்கு அனுப்புவோம். பெட்டியின் பின்பக்கம் உதவிக்கு ஒரு தொலைபேசி எண் அச்சிட்டிருப்போம். அது என் மேசையில் இருந்த தொலைபேசிதான்.

படங்கள் ஓவெயுடையவை. ஐம்பத்தேழு வயது. அதற்கு முன்பு முப்பது வருடம் கடைக் கண்ணாடிகளில் தள்ளுபடி விளம்பரம் எழுதியவர். கணினியில் வரைய மாட்டார். முதலில் தாளில் பென்சிலால் வரைவார், பிறகு ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்வார். மற்றதெல்லாம் என் வேலை. எனக்கு அப்போது இருபத்தெட்டு. படிப்பை முடித்த கையோடு வேறு எங்கும் போகப் பிடிக்காமல் ஊரிலேயே தங்கிவிட்டவள்.

ஒருநாள் காலையில் ஓவெ என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"லிஸ்பெத், கொஞ்சம் கைதட்டு."

"எதுக்கு?"

"உனக்கு லாட்டரி விழுந்திருக்குன்னு நெனச்சுக்கோயேன்."

தட்டினேன். அவர் பென்சிலை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல யாரும் உன்கிட்ட சொல்லலியா? உனக்குக் கைதட்டவே தெரியல. முழங்கை ரெண்டும் விலாவுல ஒட்டிக்கிட்டு நிக்குது. பென்குவின் தட்டுற மாதிரி இருக்கு."

"அப்ப நீங்களே தட்டி நீங்களே வரைஞ்சுக்கோங்க."

"வேணாம் வேணாம். பென்குவின்தான் நல்லாருக்கு. தட்டு."

எட்டு ஓவியங்கள். கட்டையாக வெட்டிய முடி, மஞ்சள் ஸ்வெட்டர், சிரித்த முகம். எட்டும் அடுத்தடுத்து ஓடினால் அந்தப் பெண் ஒரு முறை கைதட்டுவாள். எத்தனை முறை ஓடவேண்டும் என்று படத்துக்குள் ஓர் எண் கொடுக்கவேண்டும். பூஜ்யம் கொடுத்தால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஓவெ பூஜ்யம் கொடுத்தார். நான் அந்தப் படத்தை மாஸ்டர் பக்கத்தில் வைத்தேன். மாஸ்டர் பக்கம் என்பது எல்லா ஸ்லைடுக்கும் அடியில் ஒளிந்திருக்கும் பக்கம். அதில் வைத்தது ஒவ்வொரு ஸ்லைடிலும் தானாக வரும். வாங்கியவர் தெரியாமல் கை பட்டு அழித்துவிட முடியாது. அதை ஒரு வசதி என்றுதான் நினைத்தேன். நீல நிறப் பின்னணி, மூலையில் கைதட்டும் பெண். 'நல்ல செய்தி' என்று பெயர் வைத்தோம். சிடியில் எல்லோருக்கும் முதலில் பிடித்துப்போனது அதுதான்.

அடுத்த வருடம் மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. நான் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். ஓர் ஆணின் குரல், தயங்கித் தயங்கி.

"அந்த நீலக் கலர் டெம்ப்ளேட்டுல ஒரு பொண்ணு இருக்காளே. அவளை எடுக்க முடியுமா? நான் அழுத்தி அழுத்திப் பாக்கறேன், பிடிபடவே மாட்டேங்கிறா."

எடுக்க முடியும். மாஸ்டர் பக்கத்தைத் திறப்பது எப்படி என்று ஐந்து நிமிடம் நின்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பேருந்தைப் பிடிக்கும் அவசரம்.

"எதுக்குங்க எடுக்கணும்? இருக்கட்டும். அவ இருந்தா கூட்டத்துல ஒரு உற்சாகம் வரும்."

"உற்சாகம்," என்றார் அவர். பிறகு "சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என்ன கூட்டம் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் மாடிப்படியில் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. அம்மா. அவள் பெயர் ரூத். ஹெர்ரிங் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் இருபத்தேழு வருடமாக வேலை. நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா ஆல்போர்க் நகரத்தில் வேறு குடும்பம் என்று போய்விட்டார். அந்த ஆலைச் சம்பளத்தில்தான் வளர்ந்தேன். வேலை நேரத்தில் அவள் ஆலையை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்துக்கு அதற்கு முன்பு வந்ததும் ஒரே ஒரு முறைதான்.

"காபி இருக்கா?" என்று கேட்டாள். ஓவெ பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். பாதி குடித்தாள்.

"ஆலையை மூடுறாங்க. ஜூன் முப்பது கடைசி. மெஷினெல்லாம் போலந்துக்குப் போகுதாம்."

"எல்லாருக்குமா அம்மா?"

"நூத்தி நாப்பது பேருக்கும். காலையில கேன்டீன்ல கூட்டி வெச்சுச் சொன்னான் ஹோல்கர்." ஹோல்கர் ஆலையின் மேலாளர். "சொன்னான்னா எங்க சொன்னான்? திரையைப் போட்டு ஸ்லைடு காட்டினான். 'நம் ஆலையின் எதிர்காலம்'னு தலைப்பு. மூலையில ஒரு பொண்ணு. மஞ்ச ஸ்வெட்டர். கைதட்டிக்கிட்டு நிக்கிறா."

ஓவெயின் கையில் இருந்த பென்சில் நின்றது.

"அடுத்த ஸ்லைடு. 'ஜூன் முப்பதுடன் உற்பத்தி நிறுத்தப்படும்.' அவ கைதட்டுறா. அதுக்கடுத்தது. 'நூற்று நாற்பது பணியிடங்கள்.' அவ கைதட்டுறா. சும்மா இல்ல, பல்லைக் காட்டிக்கிட்டுத் தட்டுறா. பின்னாடி மேசையில யாரோ ஒருத்தி சிரிச்சுட்டா. அவ்வளவுதான். சர்ச்சுல சிரிப்பு வருமே, அடக்க அடக்க முட்டிக்கிட்டு வருமே, அது மாதிரி மொத்த கேன்டீனும் சிரிக்குது. நானும் சிரிச்சேன். கண்ணுல தண்ணி ஓடுது, சிரிக்கிறேன்."

"ஹோல்கர்?"

"அவன் எங்களைப் பாத்து நிக்கிறான், திரை அவன் முதுகுப் பக்கம். தன்னைப் பாத்துத்தான் சிரிக்கிறோம்னு நெனச்சுக்கிட்டான் பாவம். நான் எழுந்து போய், 'இவளை எப்படி நிறுத்துறது'ன்னு கேட்டேன். 'தெரியல ரூத், வெள்ளிக்கிழமை போன் பண்ணிக்கூடக் கேட்டேன், இருந்தா உற்சாகம் வரும்னு சொல்லிட்டாங்க'ன்றான். ஏப்ரனைக் கழட்டி ப்ரொஜெக்டர் கண்ணு மேல போட்டேன். கேன்டீன் இருட்டாயிடுச்சு. எல்லாரும் கப்சிப். 'இப்ப சொல்லு ஹோல்கர், எங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லு'ன்னேன். சொன்னான். நல்லாத்தான் சொன்னான். அழுதுகிட்டே சொன்னான்."

மீதிக் காபியைக் குடித்து முடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"முழங்கை ரெண்டும் விலாவுல ஒட்டிக்கிட்டு. ஏழு வயசுலேருந்து நீ அப்படித்தான் தட்டுவ. முதல் ஸ்லைடு வந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அம்மா, அந்தப் போன்கூட…"

"அதுவும் நீதான்னு தெரியும். உற்சாகம்னு இந்த ஊர்ல வேற யார் பேசுவா?"

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரலில் கோபமே இல்லை. அன்று முழுக்க நின்றே இருந்தவள் போலக் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஓவெ கோட்டைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனார். பத்து நிமிடத்தில் பேக்கரிப் பொட்டலத்தோடு திரும்பி வந்து அம்மா முன்னால் வைத்தார். உள்ளே கஸ்டர்டு வைத்த இனிப்பு ரொட்டி மூன்று.

அம்மா பொட்டலத்தைப் பார்த்தாள். "நூத்தி நாப்பது பேரை வீட்டுக்கு அனுப்பினதுக்கு இதுவா?"

"எனக்கு வேற ஒண்ணும் தோணல," என்றார் ஓவெ.

"பரவாயில்ல, குடுங்க. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

அந்த வாரம் நாங்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. ஓவெ நூறு டெம்ப்ளேட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். பூஜ்யம் இருந்த இடத்தில் எல்லாம் மூன்று என்று மாற்றினார். மூன்று முறை அசைந்துவிட்டுப் படம் நின்றுவிடும். நான் படங்களை மாஸ்டர் பக்கத்திலிருந்து எடுத்து ஸ்லைடின் மேலேயே வைத்தேன், யார் வேண்டுமானாலும் ஒரே தட்டில் அழித்துக்கொள்ளட்டும் என்று. விற்றுப்போன சிடிகளை என்ன செய்ய முடியும்? அவை எங்கெங்கோ இருந்தன. எந்தெந்த ஊரில் எந்தெந்தச் செய்திக்கு அவள் கைதட்டிக்கொண்டிருக்கிறாளோ என்ற நினைப்பு பல நாள் என்னை விடவில்லை. ஹோல்கருக்கு ஒரு கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். 'உங்கள் தவறு பாதிதான்' என்று ஒரே வரியில் பதில் போட்டார்.

வியாழக்கிழமை அம்மா தொலைபேசியில் அழைத்தாள்.

"நகராட்சிக் கூட்டத்துல பேச எங்களுக்கு இடம் குடுத்திருக்காங்க. ஏப்ரல் கடைசியில. வேலை போனா எங்களை ஆளாளுக்கு ஒரு ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்புவாங்களாம். பாதிப் பேருக்குக் காரே கிடையாது. இந்த ஊர்லயே, எல்லாருக்கும் சேத்து வகுப்பு வைங்கன்னு கேக்கப்போறோம். பேசறது நான்."

"நீயா?"

"ஏப்ரனைப் போட்டவ நான்தானாம். ஓட்டே எடுத்துட்டாங்க. ஹோல்கருக்குப் பண்ணிக் குடுத்தீங்கல்ல, எங்களுக்கும் ஒண்ணு பண்ணு."

"அசையணுமா அம்மா? பேசாம வெறும் எழுத்தா…"

"அசையட்டும். அவங்களும் தூங்காம இருக்கணும்ல? ஆனா யாரும் கைதட்டக் கூடாது."

என்ன வரைவது என்று ஓவெ இரண்டு நாள் யோசித்தார். பிறகு தலைக்கு வலை, காலுக்கு வெள்ளை பூட்ஸ் எல்லாம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் நின்றார். ஹெர்ரிங் துண்டுகளை ஒன்று வால் இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி டப்பாவில் அடுக்குவார்கள். ஒரு டப்பாவுக்கு மூன்று விநாடி.

"ரூத், கொஞ்சம் மெதுவா அடுக்குங்களேன். கை தெரியல."

"நான் மெதுவா அடுக்கினா டப்பா வர்ற பெல்ட் நிக்குமா? நீங்க வேகமா வரைங்க."

அக்கம்பக்கத்துப் பெண்கள் விடுவார்களா? "ரூத்தோட கையை மட்டும்தான் வரைவீங்களா, எங்க கையெல்லாம் கையில்லையா?" என்று ஒருத்தி. "அவரு கையையா பாக்குறாரு?" என்று இன்னொருத்தி. அம்மா அவர்களை நோக்கி ஒரு மீன் வாலை எறிந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இரண்டு நாள் வேலை. ஓவெ மூன்று வாரம் போனார்.

"பன்னண்டு ஓவியத்துக்கு மூணு வாரமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கட்டைவிரல் சரியா வர மாட்டேங்குது."

"அம்மா கட்டைவிரலா?"

பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். காது மடல் வரை சிவந்துபோனது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. வெளியே குளிர், அதனால் என்று நினைத்தேன்.

வரைந்து முடித்தபோது அது நாங்கள் செய்ததிலேயே நல்ல படமாக இருந்தது. இரண்டு கைகள் வரும். துண்டுகளை அடுக்கும். மூடியை வைக்கும். நிற்கும். ஒரே ஒரு முறை. ஒவ்வொரு ஸ்லைடு வரும்போதும் ஒரு டப்பா நிரம்பி மூடும், அதன்பிறகு எழுத்து மட்டும் இருக்கும், பேசுகிறவர் பேசலாம். வெளிர் பச்சைப் பின்னணி. பெரிய எழுத்து. அம்மா பயமில்லாமல் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக மொத்தத்தையும் எட்டே ஸ்லைடுக்குள் அடக்கினேன். தலைப்புகளை அம்மாவே எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிப் போட்டாள்.

நகராட்சி மண்டபத்தில் நூறு பெண்களாவது வந்திருந்தார்கள். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். நான் கணினியின் பக்கத்தில். அம்மா கறுப்புக் கவுனில், ஒரு வருடம் முன்பு யாருடைய திருமண வெள்ளி விழாவுக்கோ எடுத்தது. குரல் முதல் ஸ்லைடில் நடுங்கியது, மூன்றாவதில் நடுக்கம் நின்றுவிட்டது. நேராகப் பேசினாள். எத்தனை பேருக்குக் கார் இல்லை, எத்தனை பேர் தனியாகப் பிள்ளை வளர்க்கிறார்கள், பழைய பள்ளிக்கூடக் கட்டிடம் சும்மாதானே கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கைகள் வந்து அடுக்கிவிட்டுப் போயின.

எட்டாவது ஸ்லைடு வந்தது. கைகள் அடுக்கின, மூடியை வைத்தன. மேலே கொட்டை எழுத்தில் 'இங்கே தலைப்பை எழுதவும்'.

சரிபார்க்க வேண்டியவள் நான்தானே. நகராட்சி உறுப்பினர்களில் கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்து மைக்கைத் தட்டினார்.

"கடைசிப் பக்கத்துல தலைப்பு எதுவும் இல்லியே அம்மா?"

அம்மா திரும்பித் திரையைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"அதை நாங்க எப்படி எழுதறது? அங்க என்ன வரணும்னு நீங்கதான் சொல்லணும்."

மண்டபம் அதிர்ந்தது. வெளியே வந்து சைக்கிள் நிறுத்தத்துக்குப் போகும்போது என் கையைப் பிடித்து, "சத்தியமா மறந்துட்டேன்டி," என்றாள்.

ஆலை ஜூன் முப்பதாம் தேதி மூடப்பட்டது. அதை யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் வகுப்புகள் ஊரிலேயே வந்தன, அந்தப் பழைய பள்ளிக்கூடத்தில். எண்பத்துமூன்று பேர் சேர்ந்தார்கள். சிலர் முதியோர் இல்லங்களில் வேலைக்குப் போனார்கள், இருவர் சேர்ந்து தையல் கடை வைத்தார்கள், சிலர் வேறு எதையும் செய்யாமல் நொந்துபோய் வீட்டிலேயே இருந்தார்கள், அதையும் சொல்லவேண்டும். அம்மா ஃபானோ தீவுக்குப் போகும் படகுத்துறையில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தாள். ஐம்பத்தாறு வயதில்.

அந்த டெம்ப்ளேட்டை ஆளுக்கொரு ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்திருந்தேன். அதன்பிறகு நான் ஊரில் போன இடமெல்லாம் அந்தக் கைகள்தான். ஒருத்தி பயிற்சியின் கடைசித் தேர்வுக்குப் போட்டாள். ஒருத்தி மகளின் திருமண விருந்தில், மணப்பெண்ணின் குழந்தைப் பருவப் புகைப்படங்களோடு போட்டாள். ஒருத்தி கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்து காபி கொடுக்கும்போது, அவர் பிடித்த மீன்களின் படத்தோடு சுவரில் ஓடவிட்டாள். யாருக்கும் அது பொருத்தமில்லாமல் தெரியவில்லை. புதிய சிடியில் அதை நூற்றொன்றாவதாகச் சேர்த்தோம். அதிகம் பேர் கவனிக்கவில்லை. ஐஸ்லாந்திலிருந்து ஒரு பெண் மட்டும் கடிதம் போட்டாள்: படம் அழகாக இருக்கிறது, ஆனால் எங்கள் ஊரில் முதல் துண்டின் வால் இடது பக்கம் வரவேண்டும், அடுத்த முறை திருத்திக்கொள்ளவும். ஓவெ அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

ஆலை மூடிய அந்தக் கோடையிலேயே ஒரு சனிக்கிழமை அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். மேசையில் மூன்று தட்டு இருந்தது. ஓவெ அடுப்படியிலிருந்து உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு வந்தார், இடுப்பில் அம்மாவின் சமையல் துணி.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "பல்லைக் காட்டாத. உக்காரு."

"எப்போலேருந்து?"

"அந்தக் கட்டைவிரல்லேருந்து," என்றார் ஓவெ.

"ஊருக்கே தெரியுமா?"

"ஊருக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது. பக்கத்துலயே உக்காந்து வேலை பாக்கறவளுக்கு!" என்று அம்மா உருளைக்கிழங்கை என் தட்டில் போட்டாள்.

கொஞ்சம் கோபம் வந்தது, ஏனென்று இன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேனோ என்னவோ. இனிப்பு வரும் நேரத்துக்குள் போய்விட்டது.

இரண்டாயிரத்து ஆறில் கடையைக் கட்டினோம். அதற்குள் அசையும் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கொட்டிக்கிடந்தன, அவற்றைப் பார்த்து மக்களுக்கும் அலுத்துவிட்டது. வருத்தப்பட்டுக்கொள்ள நேரமில்லை, எனக்குத் தொழிற்பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. ஓவெயும் அம்மாவும் ஃபானோவில் நூர்பியூ கிராமத்தில் சின்ன வீடு ஒன்று பார்த்துக்கொண்டு போனார்கள். பத்து வருடம் போலச் சேர்ந்து இருந்தார்கள். இரண்டாயிரத்துப் பதினைந்து நவம்பரில், வளர்த்த நாயை நடைக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்த கையோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓவெ போய்விட்டார்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிப் படகில் போகிறேன், பன்னிரண்டு நிமிடப் பயணம். ரொட்டியின் மேல் இறாலும் எலுமிச்சையும் வைத்துத் தருவாள். நான் அந்த மாடியைப் பற்றி, ஓவெ பென்சில் சீவிய தூள் காபிக் கோப்பையில் விழுவதைப் பற்றி, சைக்கிள் கடைக்காரர் கீழேயிருந்து மணி அடித்துப் பார்க்கும் சத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள். போன வாரமும் கேட்டாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"பேசினது போதும், சாப்பிடு. பன்னண்டரைப் படகை விட்டா அடுத்தது ஒண்ணரைக்குத்தான்."

"ஒண்ணரைக்கே போறேன் அம்மா."

"அப்ப இன்னொரு காபி போடறேன்," என்று எழுந்து போனாள்.